உப்புத் தண்ணீரும் காபி மெஷினும்
வாசகர் கேள்வி – பதில்

போன மாத இதழில் டிரிப் காபி மேக்கர் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களைப் பார்த்தால், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்த மெஷின் நிறைய வீடுகளில் இருக்கிறது, ஆனால் பாதி வீடுகளில் பரண் மேல் இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அது வருத்தம். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தருமபுரியில் என் வீட்டிலும் மகள் வாங்கித் தந்த மெஷின் ஒன்று வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

“வாங்கிய புதிதில் பத்து நிமிடத்தில் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். இப்போது அரை மணி நேரம் ஆகிறது. ஆவி நிறைய வருகிறது, கடகடவென்று சத்தம், பாதித் தண்ணீர் தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். கடையில் கேட்டால் ‘காயில் போச்சு, புதுசு வாங்கிக்கங்க’ என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?”
– வாசகி, பாலக்கோடு

வாங்காதீர்கள் அம்மா. காயில் போயிருந்தால் ஆவியே வராது. உங்கள் மெஷினுக்கு உப்பு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சாதாரண டிரிப் மெஷினில் மோட்டாரோ பம்போ கிடையாது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரு சின்ன வால்வு வழியாக அடியில் இருக்கும் அலுமினியக் குழாய்க்கு இறங்குகிறது. அந்தக் குழாயோடு ஒட்டியபடி ஹீட்டர் காயில் வளைந்து போகிறது. தண்ணீர் கொதித்ததும், சோறு பொங்கும்போது நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு மேலேறுகிற மாதிரி, ஆவிக் குமிழிகள் தண்ணீரைக் குழாய் வழியாக மேலே தள்ளுகின்றன. வால்வு பின்பக்கம் திறக்காது என்பதால் தண்ணீருக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அங்கே இருந்து காபித்தூள் மேல் சொட்டுகிறது. அதே காயில்தான் மேலே இருக்கும் தட்டையும் சூடாக்கி, ஜாடியைச் சூடாக வைத்திருக்கிறது. இவ்வளவு எளிமையான கருவி கெட்டுப்போக ரொம்பக் காரணங்கள் இல்லை.

நம் போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடுபட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளையாகக் கட்டியிருக்குமே, அதேதான். பானையில் என்றால் கண்ணுக்குத் தெரியும், சுரண்டி எடுப்போம். மெஷினில் விரல் நுழையாத குழாய்க்குள் படிகிறது. குழாய் குறுகிவிடுகிறது. அதோடு அந்த உப்புப் படலம் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தவும் விடாது. காயில் மட்டும் அதிகமாகச் சூடாகி, தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி போடும், மறுபடி நிறுத்தும். அரை மணி நேரம் ஆவது இதனால்தான். வால்விலும் உப்பு ஒட்டிக்கொண்டால் அது சரியாக மூடாமல், தண்ணீர் மேலே ஏறுவதற்குப் பதில் தொட்டிக்கே திரும்பிவந்து குமுறும்.

மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேளுங்கள். எலுமிச்சை உப்பு என்றும் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். காபித்தூள் போடாமல் மெஷினை ஓடவிட்டு, பாதி இறங்கியதும் நிறுத்தி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே உப்பு கரையும். பிறகு மீதியையும் ஓடவிடுங்கள். ஜாடியில் வெள்ளைத் துகள்கள் வந்து விழும், பயப்பட வேண்டாம், அது வெளியே வரத்தான் இவ்வளவு பாடும். அப்புறம் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கொட்டிவிடுங்கள். அடைப்பு ரொம்ப நாளானது என்றால் ஒரு தடவையில் போகாது. மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள். வெள்ளை வினிகரும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம், ஆனால் வாசனை போக நேரமாகும். எலுமிச்சம்பழத்தையே பிழிந்து ஊற்றாதீர்கள், சக்கை போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொஞ்சமாகக் கலந்தால் சீக்கிரம் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பைக் கரைப்பதோடு நிற்காமல் அலுமினியக் குழாயையும் அரித்துவிடும். நீங்கள் அதில் வருவதைத்தான் குடிக்கப்போகிறீர்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிற வீடு என்றால் மாதம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். ஒகேனக்கல் திட்டத்துக் காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். எங்கள் வீட்டில் அமாவாசை அன்று கேஸ் அடுப்பைக் கழற்றிக் கழுவும்போது இதையும் சேர்த்துச் செய்துவிடுவது வழக்கம், அதனால் மறப்பதில்லை.

“எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லி அனுப்புகிறார்கள். மெஷின் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தானே அனுப்புகிறது, பேப்பர் ஃபில்டரும் இருக்கிறது. ஃபுளோரைடு போய்விடும் அல்லவா?”
– வாசகர், பென்னாகரம்

போகாது ஐயா. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் மனதில் இதே எண்ணம் இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு உயிருள்ளது இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், எனவே கொதிக்கக் கொதிக்க மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பேப்பர் ஃபில்டர் தூளைத்தான் தடுக்கும். போன பதிலில் சொன்ன சிட்ரிக் ஆசிட் வைத்தியமும் மெஷினுக்குத்தானே ஒழிய தண்ணீருக்கு இல்லை.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போவது. 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த நம் இரண்டு மாவட்டத்துக்கும் இந்தத் துன்பம் பொது. அதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறது என்றால், காபிக்கும் சமையலுக்கும் அதையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ இருக்கட்டும். அது வராத இடத்தில் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. ஃபுளோரைடை நன்றாகவே குறைக்கும், ஆனால் அதன் உள்ளே வடிகட்டும் சவ்வு, அதாவது மெம்பரேன், நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீரில் காபி சப்பென்று இருக்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். காபித்தூளிலிருந்து ருசி இறங்கத் தண்ணீரில் கொஞ்சமாவது தாது உப்பு வேண்டும். ஆனால் அந்த ருசிக்காகப் போர் தண்ணீரைக் கலக்காதீர்கள். பென்னாகரம் போன்ற இடத்தில் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூளை ஒரு கரண்டி கூடப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

“மருமகள் ஆசையாக வாங்கினாள். ஆனால் பால் ஊற்றினால் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் பித்தளை ஃபில்டர்தான் வேண்டும் என்கிறார். மெஷினில் நம்ம ஊர் காபி வரவே வராதா?”
– வாசகி, ஓசூர்

வரும். மெஷினோடு வரும் அளவுக் கரண்டியையும் ஜாடியில் போட்டிருக்கும் கோடுகளையும் மறந்துவிடுங்கள். அவை பால் ஊற்றாமல் கறுப்புக் காபி குடிக்கிறவர்களுக்காகப் போட்டவை. அவர்கள் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம், 60 கிராம் தூள். அதில் சரிபாதி பால் ஊற்றினால் எப்படி இருக்கும்?

நான் போடும் அளவு இது. தூள் 40 கிராம், தண்ணீர் 300 மில்லி. தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கீழே 220 மில்லி அளவுக்குத்தான் டிகாக்‌ஷன் இறங்கும். அதே அளவு பால் சேர்த்தால் மூன்று டம்ளர் காபி. முதல் தண்ணீர் விழுந்து தூள் முழுவதும் நனைந்ததும் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, பிறகு மறுபடி போடுங்கள். பித்தளை ஃபில்டரில் தூள் நிதானமாக ஊறுகிறதே, அந்த அவகாசத்தை மெஷின் தானாகக் கொடுப்பதில்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தில் வரும் வித்தியாசத்தை உங்கள் வீட்டுக்காரரே சொல்வார்.

டிகாக்‌ஷன் இன்னும் கெட்டியாக வேண்டும் என்று, இறங்கியதை எடுத்து மறுபடி தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகக் கூடாது. பாலும் கூடாது, கருப்பட்டியும் கூடாது.

அடுத்தது தூள். காபிக் கடையில் ‘ஃபில்டருக்கு’ என்று சொன்னால் நைசாக அரைத்துவிடுவார்கள். மெஷினுக்கு அது ஒத்துவராது, தண்ணீர் இறங்காமல் கூடை நிரம்பி வழியும். கொஞ்சம் கொரகொரப்பாக, ரவை பதத்தில் கேளுங்கள். சிக்கரியையும் குறையுங்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி பிசுபிசுப்பாகிவிடும். பித்தளை ஃபில்டரில் அது டிகாக்‌ஷனைக் கெட்டியாக்க உதவும், மெஷினில் வழியை அடைக்கும். 60-க்கு 40 கலவை வாங்குகிற பழக்கம் இருந்தால் 85-க்கு 15 வாங்கிப் பாருங்கள். பாக்கெட் தூள் என்றால் பின்பக்கம் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், அதனால் மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம். சேலம் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஏற்காட்டு அராபிகா கொட்டையாகவே வாங்கிவரச் சொல்லி, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். நம் வாசலில் விளையும் காபி அது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. டிரிப் டிகாக்‌ஷனுக்கு பச்சையோ ஆரஞ்சோ, தண்ணீர் விடாமல், சுண்டக் காய்ச்சியது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் பித்தளை ஃபில்டரே வேண்டும் என்றால், இருக்கட்டுமே அம்மா. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மெஷின், ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர்.

“அமெரிக்காவில் இருக்கும் மகன் வந்தபோது அருமையான காபி மேக்கர் கொண்டுவந்தான். அடியில் 120 வோல்ட், 900 வாட் என்று போட்டிருக்கிறது. பின்னை மாற்றிப் போட்டால் ஓடுமா?”
– வாசகர், கிருஷ்ணகிரி

செருகாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஹீட்டரில் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். உங்கள் மெஷினுக்குக் கணக்குப் போட்டால் 900 வாட் காயில் 3,300 வாட் இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் உள்ளே ஃபியூஸ் போகும், போகாவிட்டால் அதைவிட மோசம்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். 900 வாட்டுக்கு 1,500 வி.ஏ. திறனுள்ளது வேண்டும். அது கனமான பெட்டி, அடுப்பங்கரையில் இடம் அடைக்கும், விலையும் இங்கே ஒரு புது மெஷின் வாங்கும் அளவுக்கு வந்துவிடும். அப்படியும் முழுச் சரியாகாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கரண்ட்டின் அலையை எண்ணி ஓடும் கடிகாரம் அதில் இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். காலை ஐந்தரைக்கு டைமர் வைத்தால் அதுபாட்டுக்கு ஒரு நேரத்தில் காபி போடும். மகனிடம் மனசு நோகாமல் சொல்லி, அடுத்த முறை திரும்பக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவன் கொடுக்க நினைத்த அன்பை இங்கே வாங்கிய 230 வோல்ட் மெஷினும் கொடுக்கும்.

“திடீரென்று செத்துவிட்டது. விளக்குகூட எரியவில்லை. மிக்ஸி ரிப்பேர் கடையில் கொடுத்தேன், ‘உள்ள ஒரு ஃபியூஸ் போயிருந்துச்சு, டைரக்ட் பண்ணிட்டேன்’ என்று ஐம்பது ரூபாய் வாங்கினார். இப்போது நன்றாக ஓடுகிறது. பரவாயில்லையா?”
– வாசகர், அரூர்

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்றிலிருந்து அந்த மெஷினைச் செருகாதீர்கள்.

அவர் எடுத்துப்போட்டது தெர்மல் ஃபியூஸ். காயிலை ஒட்டி, வெள்ளை நூல்குழாய் மாட்டிய சின்ன உருளை. சாதாரண வேளையில் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். அது ஒட்டிக்கொண்டு நிறுத்தத் தவறினால், தொட்டியில் தண்ணீரே இல்லாமல் காயில் பழுத்துக்கொண்டிருக்கும்போது, தன்னை அழித்துக்கொண்டு கரண்டைத் துண்டிப்பது இந்த ஃபியூஸ்தான். அதற்குப் பின்னால் காவலுக்கு வேறு எதுவும் கிடையாது, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்க வேண்டியதுதான். துண்டு ஒயரை வைத்து அதை இணைப்பது ரிப்பேர் இல்லை. என் மாணவர்களிடம் நான் கோபப்பட்ட விஷயங்களில் இதுதான் முதலாவது.

சரி, என்ன செய்வது? அதே ஃபியூஸின் உடம்பில் வெப்ப அளவும் ஆம்பியரும் அச்சடித்திருக்கும். இரண்டும் அப்படியே உள்ள புது ஃபியூஸ் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மாட்டுகிறவரிடம் ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கக் கூடாது, கிரிம்ப் பண்ண வேண்டும், அதாவது சின்ன உலோகக் குழலில் ஒயரை நசுக்கி இணைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சால்டர் வைக்கும் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் ஏன் போனது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

“காலையில் போட்ட டிகாக்‌ஷனை மதியம் வரை தட்டின் மேலேயே வைத்திருக்கிறோம். கரண்ட் பில் ஏறுமா?”
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பில்லைவிட ருசிதான் கெடும். அரை மணி நேரத்துக்கு மேல் சூட்டுத் தட்டில் இருந்தால் டிகாக்‌ஷன் கசந்து, ஒரு புளிப்பும் சேரும். இறங்கியதும் ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் என்று பார்த்தால் 900 வாட் மெஷின் பத்து நிமிடம் ஓட 0.15 யூனிட். காலை, மாலை இரு வேளை போட்டால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்தான்.

“பேப்பர் ஃபில்டர் நல்லதா, கழுவிக் கழுவிப் போடும் வலை நல்லதா?”
– வாசகர், ஊத்தங்கரை

வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் இருந்தால் பேப்பர். காபியில் கஃபெஸ்டால் என்று ஓர் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது. பேப்பர் அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும், வலை விட்டுவிடும். இந்தப் பேப்பர் முறையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை விரித்துக் காபி வடித்துப் பார்த்தார். 1908-ல் காப்புரிமையும் வாங்கினார். மின்சார டிரிப் மெஷின் அதே நாட்டில் 1954-ல்தான் வந்தது. ஒரு அடுப்பங்கரையில் பிறந்த முறை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வலைதான் என்றால் தினமும் சோப்புப் போட்டுத் தேயுங்கள். காபி எண்ணெய் படிந்தால் இரண்டு நாளில் சிக்கு வாடை அடிக்கும். பேப்பரானாலும் வலையானாலும் சக்கையை ராத்திரி முழுக்கக் கூடையிலேயே விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தொட்டி மூடியையும் திறந்தே வையுங்கள், உள்ளே காயட்டும்.

“கண்ணாடி ஜாடி உடைந்துவிட்டது. மெஷின் நன்றாக இருக்கிறது. ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தால் டிகாக்‌ஷன் இறங்காமல் மேலே வழிகிறது. ஏன்?”
– வாசகி, காவேரிப்பட்டணம்

கூடையின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன அடைப்பான் இருக்கும். ஜாடியின் மூடி அதை மேலே அழுத்தினால்தான் வழி திறக்கும், நடுவில் ஜாடியை எடுத்தால் சொட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு. உங்கள் பாத்திரம் அதைத் தொடுவதில்லை, அதனால் வழிகிறது. அடைப்பான் வரை உயரம் எட்டுகிற, மூடி போட்ட, தட்டையான அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் தேடுங்கள். மூடியின் நடுவில் ஒரு துளை போட்டு, அந்தத் துளையின் விளிம்பு அடைப்பானை அழுத்தும்படி வைத்தால் போதும். பாத்திரக் கடையில் மெஷினின் கூடையையும் கையோடு எடுத்துப்போய் அளவு பாருங்கள். கண்ணாடி ஜாடியே வேண்டும் என்றால் மெஷினின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், தனியாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. புதிது வந்ததும், சூடான காலி ஜாடியைக் குழாயடியில் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் காட்டாதீர்கள். ஆறவிட்டுக் கழுவுங்கள்.